கொழுப்பு செல்லுக்குக் காது கேட்கவில்லையா?

“சாப்பாட்டைப் பாதியா குறைச்சாச்சு, தினமும் நடக்கவும் செய்றேன். எடை மட்டும் இறங்கவே மாட்டேங்குது!” - இந்தப் புலம்பலைக் கேட்காத வீடு குறைவு. “வாயைக் கட்டினா தானா குறையும்” என்ற பதிலும் உடனே வந்துவிடும். ஆனால், விஷயம் வாயோடு முடிவதில்லை என்கின்றன எலிகளிடம் நடந்த ஆய்வுகள்.

கொழுப்பு செல்கள் சும்மா கிடக்கும் மூட்டைகள் அல்ல. ஹார்மோன்களின் உத்தரவுப்படி இயங்குபவை. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், ‘சேர்த்து வை’ என்கிறது. பட்டினியின்போதும் ஓடியாடும்போதும் சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவை, ‘சேர்த்ததை எடுத்துக் கொடு’ என்கின்றன. உடனே செல் தன்னிடமுள்ள கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும். உடல் அதை எரித்துக்கொள்ளும்.

உடல் பருத்த எலிகளில் இங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலன் சால்டியல் தலைமையிலான குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. கொழுப்பு மிகுந்த தீனி தின்று பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் லேசான, ஆனால் ஓயாத அழற்சி இருக்கிறது. அதனால் ஐகேகே-எப்சிலான், டிபிகே1 என்ற இரண்டு நொதிகளின் ஆட்டம் அதிகமாகிறது. ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும், செய்தியை செல்லுக்குள் கொண்டு செல்லும் மூலக்கூறு பாதியிலேயே சிதைந்துபோக இவை வழிசெய்கின்றன. உத்தரவு சரியாகப் போய்ச் சேராததால், கொழுப்பு இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆஸ்துமாவுக்கும் வாய்ப்புண்ணுக்கும் பயன்பட்ட அம்லெக்ஸானாக்ஸ் என்ற பழைய மருந்து இந்த நொதிகளை அடக்கும். அதைக் கொடுத்தபோது, பருத்த எலிகளின் கொழுப்பு செல்கள் மீண்டும் ஹார்மோனின் பேச்சைக் கேட்டன. எடையும் குறைந்தது.

சரி, மனிதர்களுக்கு? உடல் பருமனும் சர்க்கரைநோயும் உள்ள 42 பேரிடம் நடந்த சிறிய பரிசோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. மருந்து எடுத்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கே சர்க்கரை அளவு நன்றாகக் குறைந்தது. எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே பலித்துவிடாது. எனவே, மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

நடைப்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடவும் வேண்டாம். முயன்றும் எடை இறங்காதவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவர்களுக்கு ‘சோம்பேறி’ பட்டம் கட்டுவதை வீட்டிலுள்ளவர்கள் இன்றே நிறுத்தலாம். அதற்கு மருந்துச்சீட்டு தேவையில்லை.