உண்மையை எழுதினால் ஜெயிலா?

கம்ப்யூட்டர் வாங்கி, தமிழ் டைப்பிங்கும் பழகியாகிவிட்டது. எங்கள் அருள்புரம் பக்கத்து ஆளாக இருந்தால் சாயக்கழிவு பற்றி இண்டர்நெட்டில் நாலு வரி எழுதத் தோன்றும். கூடவே "கம்பெனிக்காரர் கேஸ் போட்டால்?" என்ற பயமும் வரும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத்தான் சுப்ரீம் கோர்ட் 2015ல் ரத்து செய்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது. 2016ல் அது செல்லும் என்று அதே கோர்ட் சொன்னது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை.

நமக்குத் துணை 1994ம் ஆண்டுத் தீர்ப்பு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடக் கூடாது என்றார் சிறைத்துறை அதிகாரி. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் எழுதலாம் என்றது சுப்ரீம் கோர்ட்.

எனவே, திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன 2011ம் ஆண்டு சென்னை ஐகோர்ட் உத்தரவை வைத்துத் தாராளமாக எழுதலாம். "இந்தக் கம்பெனிதான் ராத்திரியில் கழிவைத் திறந்து விடுகிறது" என்று கேள்விப்பட்டதை எழுதினால், அது உண்மை என்றும் பொது நன்மைக்கு என்றும் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

பொய்யால் பெயர் கெட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்கட்டும்; அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது. ஜெயில் எதற்கு? கேஸில் ஜெயித்தாலும், ஷிப்டை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவதே தண்டனைதான். அதற்குப் பயந்தே உண்மை தெரிந்தவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். சட்டம் மாறும் வரை, முதலில் ஆவணத்தை சேவ் செய்யுங்கள், பிறகு எழுதுங்கள்.