ஸ்பானர் பக்கம்: பச்சை யானைக்கு பாலிசி இருக்கா?



பழைய ஆர்எக்ஸ் 100-ஐ வாங்கி, கார்ப்பரேட்டரைக் கழட்டி மாட்டி, டேங்குக்குப் பெயின்ட் அடிச்சு, ஒரே கிக்ல ஸ்டார்ட் பண்ணிட்டு, 'மச்சி, சவுண்டைக் கேளு'ன்னு காலரைத் தூக்கிவிடுற ஆளா நீங்க? இல்லைன்னாலும், உங்க ஹாஸ்டல்ல அப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க. இந்த வார மேட்டர் அவருக்குத்தான். ஆனா வண்டி பைக் இல்லை, ஜீப்பும் இல்லை. ராணுவத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஃபோர்க்லிஃப்ட்!

'ஐயே... குடோன்ல சரக்குத் தூக்குமே, அதுவா?'ன்னு மூக்கைச் சுளிக்காதீங்க பாஸ். பிரிட்டன்ல பழைய ராணுவ வண்டிகளை வாங்கிச் சரிபண்றது ஒரு பெரிய ஹாபி. இதுக்குன்னே 'மிலிட்டரி வெஹிக்கிள் டிரஸ்ட்'னு அமைப்பெல்லாம் இருக்கு. ஜீப், லாரி, ஏன்... டாங்கி வெச்சிருக்கிறவங்ககூட உண்டு. அந்தக் கூட்டத்துல கொஞ்சம் தனி ரகம், ஃபோர்க்லிஃப்ட் பிரியர்கள்.

அவங்க கண்ணு வைக்கிற வண்டிகள்ல ஒண்ணு 'ஈகர் பீவர்'. நாட்டிங்ஹாம்ல இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில உருவானது. நாலு சக்கரமும் இழுக்கும். விமானத்துல ஏத்திக்கிட்டுப் போகலாம். 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,814 கிலோ தூக்கும். சிமென்ட் தரையே இல்லாத சேத்துலயும் மணல்லயும் வெடிமருந்துப் பெட்டி, ரேஷன் பெட்டின்னு இறக்கிப் போடறதுக்காகவே பிறந்த பச்சை யானை. 1982 ஃபாக்லாந்து போருக்குக்கூடப் போய் வந்திருக்கு.

'அப்பவும் ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்லிஃப்ட்தானே, இதுல என்ன த்ரில்?'னு கேக்குறீங்களா? கவன்ட்ரி கிளைமாக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. 1946-ல் ஃபோர்க்லிஃப்ட் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அதே கம்பெனி, தீயணைப்பு பம்புக்காக எடை குறைவான ஒரு இன்ஜினையும் டிசைன் பண்ணுச்சு. ரேஸ்காரங்க அதைப் பார்த்துட்டாங்க... அவ்வளவுதான்! அந்த கம்பெனியோட இன்ஜின்களை வெச்சு ஜாக் பிரபாம் 1959, 1960-லயும், ஜிம் கிளார்க் 1963, 1965-லயும் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனாங்க. சரக்குத் தூக்குற வண்டி செய்யற கம்பெனிதான் பாஸ்!

இன்னொண்ணு. இண்டஸ்ட்ரியல் விசிட் போறப்ப நீலக் கலர் பேலட்ல 'செப்'னு எழுதியிருந்தா ஒரு சல்யூட் வைங்க. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்கப் படைகள் ஆஸ்திரேலியாவுல விட்டுட்டுப் போன ஃபோர்க்லிஃப்ட், பேலட் எல்லாத்தையும் நிர்வாகம் பண்ண அந்த நாட்டு அரசு தொடங்கின அமைப்புதான் அதுக்குத் தாத்தா.

சரி, யானை வாங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். இனிமேதான் இருக்கு வேலை.

முதல் ரவுண்டு: இரும்பு

பைக்னா முதல்ல இன்ஜினைத் தொடுவோம். ஃபோர்க்லிஃப்ட்ல அப்படி இல்லை. இன்ஜின் ஓடலைன்னா வண்டி நிக்கும், அவ்வளவுதான். தூக்குற பாகம் கைவிட்டா ஆள் போயிடும். அதனால முன்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்.

ரெண்டு ஃபோர்க்கும் 'ட' மாதிரி வளையுற இடம் இருக்கே, அங்கேதான் தேய்மானம் அதிகம். தடிமன்ல 10 சதவிகிதம் தேஞ்சா அந்த ஃபோர்க் கதை முடிஞ்சது. 40 மில்லிமீட்டர் இருந்தது 36 ஆயிட்டா, தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். 'வெல்டிங் வெச்சு மேடாக்கிடலாம் மாமே'ன்னு யாராவது சொன்னா, ஆளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. சூடுபட்டா அந்த ஸ்டீலோட ஹீட் ட்ரீட்மென்ட் போச்சு. மெட்டலர்ஜி பேப்பர்ல அரியர் வெச்சவருக்கும் இது தெரியும்!

அடுத்து, மாஸ்ட்ல ஓடுற செயின். புதுசுல 100 சென்டிமீட்டர் அளந்த நீளம் இப்போ 103 வந்தா, செயினை மாத்தணும். 3 சதவிகிதம்தான் கணக்கு.

அப்புறம் ஹைட்ராலிக்ஸ். பழைய ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். எங்கேன்னு பார்க்க விரலை வெச்சுத் தடவாதீங்க. அந்த அழுத்தத்துல ஆயில் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். பார்க்க சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனா, அவசர ஆபரேஷன் கேஸ். கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு அட்டையைப் பிடிச்சுப் பாருங்க. கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபோர்க்கைத் தரையில இறக்கி, அழுத்தத்தை விட்டுடணும். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால, காத்தடிச்சுத் தூசி தட்டற நம்ம ஊர் டெக்னிக்குக்கும் தடா.

கொஞ்சம் மெக்கானிக்ஸ்... ஓடாதீங்க!

'1,800 கிலோ தூக்கும்'னு தகட்டுல போட்டிருந்தா எல்லா 1,800 கிலோவையும் தூக்கும்னு அர்த்தம் இல்லை. பெட்டியோட கனமையம் ஃபோர்க்கோட நிமிர்ந்த முகத்துலேருந்து எவ்வளவு தூரம்னும் அதே தகட்டுல இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். ஃபோர்க் முகம் முன் ஆக்ஸிலுக்கு 40 சென்டிமீட்டர் முன்னாடி இருக்கு. தகட்டுல சொன்ன மையம் இன்னொரு 60. மொத்தம் 100. தாங்கக்கூடிய மொமென்ட் 1,80,000 கிலோ-சென்டிமீட்டர். இப்போ நீளமான ஒரு பெட்டி வருது, அதோட மையம் 90-ல இருக்கு. 40-ம் 90-ம் சேர்ந்து 130. வகுத்துப் பாருங்க... 1,385 கிலோதான்! எடை ஒரு கிராம்கூட ஏறலை, ஆனா 400 கிலோ சக்தி காணாமப் போச்சு. முன் ஆக்ஸில்தான் சீசாவோட நடுக்கட்டை. பின்னாடி இருக்கிற எடை தோத்துச்சுன்னா, பின் சக்கரம் அந்தரத்துல. ஸ்டீயரிங் இருக்கிறதும் அதே பின் சக்கரத்துல. புரியுதா?

வேகமா திருப்பினா பக்கவாட்டுல சாயும். அப்போ குதிச்சுத் தப்பிக்கத்தான் தோணும். ஆனா, குதிக்கிறவர் மேலேயே வண்டியோட மேல்கூடு வந்து விழும். மேல்கூடும் பெல்ட்டும் இருக்கிற வண்டியில உள்ளேயே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்காருறதுதான் பாடம். பழைய ராணுவ வண்டியில மேல்கூடு இல்லாமலும் வரும். 'கூடு வெச்சா ஒரிஜினல் லுக் போயிடுமே'ன்னு ஹாபிக்காரங்க நடுவுல சண்டையே நடக்கும். என் ஓட்டு கூடுக்குத்தான். ஒரிஜினாலிட்டிக்குக் கழுத்து எலும்பு கிடையாதே!

ரெண்டாவது ரவுண்டு: பேப்பர்

ராணுவத்துல இருந்தவரை இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் கிடையாது. அடிபட்டவருக்கு அரசாங்கமே பொறுப்பு. ஏலத்துல உங்க கைக்கு வந்த நிமிஷம், அந்த இடத்துல நீங்க நிக்கிறீங்க. உங்ககிட்ட கஜானா இருக்கா? அதான் மேட்டர்.

பிரிட்டன்ல 1988-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ரோட்டுலயோ பொது இடத்துலயோ மோட்டார் வாகனம் ஓட்டணும்னா மூன்றாம் நபர் காப்பீடு வேணும். ஆனா ஃபோர்க்லிஃப்டுக்கு ரெட்டை வேஷம். ஓடும்போது வண்டி, தூக்கும்போது மெஷின். இதுல எந்த வேஷத்துல இருக்கும்போது விபத்து நடந்ததுங்கிறதை வெச்சு ஒரு குடும்பத்தோட கதையே மாறிடும். ஃபோர்க்லிஃப்டோட அண்ணன் மாதிரியான டிராக்டரை வெச்சே ரெண்டு நிஜ வழக்கு சொல்றேன்.

ஸ்லோவேனியா, 2007 ஆகஸ்ட். ஒரு பண்ணை முற்றத்துல வைக்கோல் கட்டுகளைப் பரண்ல ஏத்திக்கிட்டிருக்காங்க. டிரெய்லரோட ரிவர்ஸ் வந்த டிராக்டர் ஏணியில இடிச்சுது. ஏணி மேல இருந்த வ்னுக்ங்கிறவர் கீழே விழுந்தார். அவர் கேட்ட நஷ்டஈடு 15,944 யூரோ. 'டிராக்டர் ரோட்டுல வண்டியா ஓடினா சரி, இங்கே மெஷினாத்தானே இருந்துச்சு'ன்னு அந்த ஊர் கோர்ட்டுகள் கையை விரிச்சுடுச்சு. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2014 செப்டம்பர்ல தீர்ப்பு: வாகனத்தோட வழக்கமான வேலைக்கு ஒத்துப்போற எந்தப் பயன்பாடும் கட்டாயக் காப்பீட்டுல வரும். வ்னுக் பக்கம் காத்தடிச்சுது.

போர்ச்சுகல், 2006. சரிவான திராட்சைத் தோட்டம். டிராக்டர் நின்ன இடத்துலேயே நிக்குது. களைக்கொல்லி தெளிக்கிற பம்பை ஓட்டறதுக்காக இன்ஜின் மட்டும் ஓடுது. மழை, வண்டியோட எடை, அதிர்வு எல்லாம் சேர்ந்து மண் சரிஞ்சு, டிராக்டர் கீழே வேலை செஞ்சவங்க மேல விழுந்துச்சு. ஒரு பெண் இறந்துபோனாங்க. அவங்க கணவர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2017 நவம்பர்ல சொன்னது: அந்த நேரத்துல அது போக்குவரத்து வாகனமா இல்லை, மெஷினுக்கு விசை கொடுக்குற கருவியா இருந்துச்சு. அதனால கட்டாய வாகனக் காப்பீட்டுல வராது.

ரெண்டுமே டிராக்டர்தான், ரெண்டு இடத்துலயும் அடிபட்டது வேலை செஞ்சுக்கிட்டிருந்த மனுஷங்கதான். பதில் மட்டும் வேற வேற!

2014 தீர்ப்பால தனியார் நிலத்துல ஓடுற வண்டிக்கெல்லாம் கட்டாயக் காப்பீடு வந்துடுமோன்னு பிரிட்டன்ல பெரிய பேச்சா கிடந்துச்சு. 2022-ல் தனியா ஒரு சட்டம் போட்டு, அந்தத் தீர்ப்போட தாக்கத்தையே எடுத்துட்டாங்க. ஹாபிக்காரங்களுக்கு நிம்மதிதான். ஆனா உங்க சொந்த ஷெட்ல, உங்க ஃபோர்க்லிஃப்டுக்குக் கீழே ஒருத்தர் மாட்டினா அவருக்கு யார் கொடுப்பா? சட்டம் உங்களைக் கேக்காது. நீங்கதான் உங்களைக் கேட்டுக்கணும்.

அதனால விவரமான ஹாபிக்காரர் பாலிசி வாங்கறப்ப தனித்தனியா கேட்டுக்குவார். 'ரோட்டுல ஓட்டினா கவர் உண்டா?' 'கருவியாப் பயன்படுத்தி எதையாவது தூக்கினா உண்டா?' இந்த ரெண்டாவதை விலக்கி வைக்கிற பாலிசிகள் ஏராளம். கண்காட்சிக்குப் போனா பக்கத்து ஸ்டால்காரர், 'சார், லாரியிலேருந்து இந்த இன்ஜினைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்களேன்'ம்பார். அந்த உதவிதான் வேஷம் மாறுற இடம்! 'போட்டோ எடுக்கணும், ஃபோர்க் மேல ஏறி நிக்கவா?'ன்னு இன்னொருத்தர் வருவார். அதுக்கு பாலிசியைப் பார்க்கவே வேண்டாம், பதில் 'நோ'!

'திருடு போனா, எரிஞ்சு போனா என்ன மதிப்பு?'ங்கிறது மூணாவது கேள்வி. பழைய வண்டிக்கு மார்க்கெட் ரேட்டுன்னு ஒண்ணு சுலபமா கிடைக்காது. போட்டோ, ரசீது எல்லாம் காட்டி, முன்கூட்டியே ஒரு தொகையை ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா பின்னாடி தகராறு இல்லை. கூடு வெச்சது, இன்ஜின் மாத்தினது எதையும் மறைக்கக் கூடாது.

நம்ம ஊர்ல?

நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988-லயும் இதே ரெட்டை வேஷம் உண்டு. தொழிற்சாலை மாதிரி மூடின வளாகத்துக்குள்ள மட்டும் பயன்படற சிறப்பு வண்டி, 'மோட்டார் வாகனம்'கிற வரையறைக்குள்ளயே வராது. ஆனா மத்திய விதிகள்ல கட்டுமானக் கருவி வாகனங்கள் பட்டியல்ல ஃபோர்க்லிஃப்டும் இருக்கு. அரசு வேலைக்கு ஓடுற அரசு வண்டிக்கு விலக்கு தர்ற அதே 146-ம் பிரிவுதான், பொது இடத்துல ஓடுற நம்ம வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயம் ஆக்குது. 'பொது இடம்'னா ரோடு மட்டும் இல்லை, பொதுமக்கள் நுழைய உரிமை உள்ள எந்த இடமும்தான்.

50 வருஷம் தாண்டின டூ வீலர், ஃபோர் வீலர்களுக்கு 2021-ல் வின்டேஜ் விதிகள் வந்துச்சு. நம்பர் பிளேட்ல 'விஏ' எழுத்து, 10 வருஷப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பத்தோடவே இன்ஷூரன்ஸ் பாலிசியும் வைக்கணும். பேரணி, கண்காட்சின்னு போகலாம், தினம் காலேஜுக்கு ஓட்டிட்டு வர முடியாது.

இப்போ பக்கத்துல உட்கார்ந்திருக்காரே ஆர்எக்ஸ் 100 ஓனர், அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'மச்சி, டேங்க் பெயின்டுக்கு எவ்வளவு செலவு பண்ணே? தேர்ட் பார்ட்டி பாலிசி எப்போ முடியுது?' முதல் கேள்விக்குப் பைசா சுத்தமா பதில் வரும். ரெண்டாவதுக்குத் திருதிருன்னு முழிச்சார்னா, வண்டி இன்னும் பாதிதான் ரெடி. 'தேர்ட் பார்ட்டி'ங்கிறது பாலிசியில எழுதியிருக்கிற வெறும் வார்த்தை இல்லை பாஸ். பேர் தெரியாத ஒருத்தர், இப்போ எங்கேயோ ஏணி மேல நின்னுக்கிட்டிருக்கார்.

அடுத்த வாரம் வேற ஒரு ஷெட்ல, கையில கிரீஸோட மீட் பண்ணுவோம். வர்ட்டா!