மங்கு வேறு, கறுப்பு வேறு

சென்ற ஆண்டு பங்குனியில் காசு கொடுத்து என் முகத்தை நானே சுட்டுக்கொண்டேன். சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் எழுதுகிற ஆய்வு மாணவி நான். இதை வெளியே சொல்லத் தயக்கமாக இருந்தது. 'கறுப்பே அழகு என்று மேடையில் பேசிவிட்டு, நீயும் வெள்ளையாகப் போனாயா?' என்று கேட்பார்களே என்ற பயம். நெருங்கிய தோழர் ஒருவர் அப்படியே கேட்கவும் செய்தார். அவருக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் மங்கு இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்கிற அம்மாவின் முகத்தில் அது பட்டாம்பூச்சி இறக்கை போலப் படர்ந்திருக்கும். 'மங்கு விழுந்த முகம் வீட்டுக்கு ஆகாது' என்று ஊரில் அவர் காதுபடவே சொல்வார்கள். என் முகத்தில் முதல் திட்டு தெரிந்தபோது அம்மா பயந்தது அதனால்தான். "பாப்பா, ஒனக்கும் வந்துருச்சே. பணம் வந்தா மொதல்ல இதப் பாத்துரு" என்றார். உதவித்தொகை ஏழு மாதம் தாமதமாக மொத்தமாக வந்தபோது, நகரத்தில் இருந்த ஒரு அழகு கிளினிக்கில் போய் நின்றேன்.

அங்கே இருந்தவர் என் முகத்தை அரை நிமிடம் பார்த்தார். "கெமிக்கல் பீல் ஆறு சிட்டிங் போதும். மங்கும் போகும், கலரும் ரெண்டு ஷேடு கூடும்" என்றார். தோழரோ, கறுப்பாக இருப்பதை ஏன் நோயாக நினைக்கிறாய் என்றார். ஒருவர் விற்க வந்தவர், மற்றவர் கண்டிக்க வந்தவர். ஆனால் இருவரும் செய்த தவறு ஒன்றே. மங்கையும் கறுப்பையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள்.

கறுப்பு என் நிறம். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. மங்கு ஒரு தோல் பாதிப்பு. மருத்துவத்தில் மெலாஸ்மா என்பார்கள். மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் முகத்தின் சில இடங்களில் மட்டும் அளவுமீறி வேலை செய்வதால் வருவது. பெண்களுக்கே மிக அதிகமாக வருகிறது. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை காரணங்கள். பெரிய தூண்டுதல் வெயில். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்களில் இதைத் தூண்டும். உயிருக்கு ஆபத்தில்லை, யாருக்கும் தொற்றாது. ஆனால் பிடிவாதமானது. குறைத்து அடக்கி வைக்கலாம்; பாதுகாப்பில்லாமல் வெயிலில் நின்றால் திரும்பி வரும்.

பீல் என்ன செய்கிறது? கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக் போன்ற அமிலங்களில் ஒன்றை முகத்தில் பூசி, தோலின் மேலடுக்கை உரிய வைக்கிறார்கள். அந்த அடுக்கில் தேங்கிய நிறமியும் உதிர்கிறது. நிறமி ஆழத்தில் இருந்தால் பலன் குறைவு. நிறமியை உண்டாக்கும் செல்லை அமிலம் நிறுத்துவதும் இல்லை. அதனால்தான் வெயில் பாதுகாப்பும் பூச்சு மருந்தும் முதலில் வருகின்றன. அவை போதாதபோது துணையாகத்தான் பீல். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008இலேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முன்கூட்டியே சில வாரங்கள் தோலைத் தயார் செய்ய வேண்டும், குறைந்த வீரியத்தில் தொடங்க வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவர் செய்ய வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை.

எனக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. கன்னத்தில் வேறு க்ரீம் தடவுகிறேனா என்றும் கேட்கவில்லை. "கரும்புலேருந்து எடுக்குறது, நேச்சுரல்" என்றார்கள். கரும்பில் கிளைகாலிக் அமிலம் இருப்பது உண்மை. அதை வீரியமான கரைசலாக முகத்தில் வைத்தால் அது கரும்பல்ல, அமிலம். நிமிடக் கணக்கில் கண்காணித்து, உரிய நேரத்தில் காரக் கரைசல் போட்டு அதன் வேலையை முடித்துவைக்க வேண்டும். இரண்டாவது சிட்டிங்கில் எனக்கு அமிலம் வைத்த பெண் நடுவே போன் பேசப் போய்விட்டார். எரிகிறது என்றேன். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அக்கா" என்றார். மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்த, குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிற பெண் அவர். என் கோபம் அவர் மேல் இல்லை. அவர் கையில் அமிலத்தைக் கொடுத்து வெள்ளைக் கோட்டும் மாட்டிவிட்டவர்கள் மேல்தான்.

கன்னம் சிவந்து பொருக்கு தட்டியது. மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்தபோது, மங்கு இருந்த இடமும் அதைச் சுற்றி இல்லாத இடமும் முன்பைவிடக் கருத்திருந்தன. தோல் காயப்பட்டால் நிறமிச் செல்கள் இன்னும் வேகமாக வேலை செய்யும். கறுத்த தோலில் இந்த ஆபத்து அதிகம். எங்களிடம் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டியதை, எங்களிடம்தான் அலட்சியமாகச் செய்கிறார்கள்.

இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் தோல் வகைப்பாடு 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது. முதலில் அது வெள்ளைத் தோலை மட்டும் நான்கு வகையாகப் பிரித்தது. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்ட ஐந்தாவது, ஆறாவது கட்டங்கள். உலகின் பெரும்பான்மை நிறங்கள் பின்னிணைப்பாக நுழைந்த கதை இது.

என் ஆய்வு காலனிய கால உடல் அளவீடுகள் பற்றியது. பொருக்கு தட்டிய கன்னத்தோடு நான் படித்துக்கொண்டிருந்தது எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளை. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்து, சாதி சாதியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர் அவர். மூக்கின் அகலத்தில் சாதிப் படிநிலை தெரியும் என்று நம்பிய ரிஸ்லி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்களின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், அதே மூக்களவுகளை எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். உடலைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

முடியாது என்றாலும் தேடுவதை ஊர் நிறுத்தவில்லை. நிறத்தில் தேடுகிறார்கள், கையில் தேடுகிறார்கள், முகத்தில் விழுந்த வெயிலில் தேடுகிறார்கள். சாதி மனிதருக்கு நிறத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை, வேலையைப் பங்கிட்டது. நிலம் யாருக்கு, நிழல் யாருக்கு, நடவு யாருக்கு, தெருக்கூட்டுவது யாருக்கு என்று பங்கிட்டது. அந்தப் பங்கீட்டின் தழும்பு முகத்தில் தெரியும்போது, அதையே பிறப்பின் அடையாளமாகப் படிக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கும் மங்கு வரும். ஆதிக்க சாதிப் பெண்ணுக்கும் வரும். ஆனால் மருத்துவர் "வெயிலைத் தவிருங்கள்" என்று சொல்லும்போது அதைக் கடைப்பிடிக்க முடிகிறவர் யார், முடியாதவர் யார் என்பதில்தான் சாதி இருக்கிறது.

பிறகு நான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். மூன்று மணி நேர வரிசை. மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "மொதல்ல காயம் ஆறட்டும்மா. அப்புறம் சன்ஸ்கிரீன், அகலத் தொப்பி, மூணு மாசம் மருந்து. பீலைப் பத்தி அப்புறம் யோசிப்போம்" என்றார். ஓராண்டில் மங்கு பாதிக்கு மேல் வெளுத்தது. ஆனால் சன்ஸ்கிரீன் மருந்தகத்தில் கொடுக்கப்படவில்லை. இந்தியாவில் அது அழகுசாதனம். முதல் சிகிச்சையே அழகுசாதனமானால், காசுள்ளவருக்குச் சிகிச்சை, இல்லாதவருக்கு அறிவுரை.

அம்மா பத்து ஆண்டுகளாக மெடிக்கலில் வாங்கித் தடவிய ட்யூபை அந்த மருத்துவரிடம் காட்டினேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயினோடு ஸ்டீராய்டும் கலந்த க்ரீம். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பூச வேண்டியது. ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். அம்மாவின் கன்னம் சிவந்திருப்பதை நாங்கள் 'கலர் வந்துவிட்டது' என்று நினைத்திருந்தோம். 2018லேயே ஒன்றிய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அம்மாவிடம் ஒருநாளும் யாரும் சீட்டு கேட்டதில்லை.

எனவே சில கோரிக்கைகள். முகத்தில் அமிலம் வைப்பது மருத்துவச் செயல். பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாத இடத்தில் அதை நடத்த அனுமதிக்கக் கூடாது. ஸ்டீராய்டு பூச்சுகளுக்கான விதியைக் கடைகளில் நடைமுறைப்படுத்த வேண்டும். வட்டார அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒருநாளாவது தோல் மருத்துவர் இருக்க வேண்டும். வெயிலில் வேலை செய்வோருக்குச் சன்ஸ்கிரீனும் தொப்பியும் வேலைக் கருவிகளாகக் கிடைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில் பணியிடக் குடிநீரும் நிழலும் உரிமையாகவே எழுதப்பட்டன. நிழலைக் கேட்பது ஆடம்பரம் அல்ல.

நீங்கள் பீல் செய்துகொள்ள நினைத்தால் தயங்காமல் கேளுங்கள். செய்பவர் மருத்துவரா? எந்த அமிலம், எத்தனை சதவீதம்? தோலை எத்தனை வாரம் தயார் செய்வீர்கள்? கருத்துப்போனால் என்ன செய்வீர்கள்? 'கலர் கூடும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மங்குக்குச் சிகிச்சை தருபவர் உங்கள் நிறத்தைப் பேரம் பேச மாட்டார்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கறுப்பு அழகு என்பது நம்மை இழிவுபடுத்தியவர்களுக்குச் சொன்ன பதில். மருத்துவரைத் தேடிப் போகிற நம் பெண்களின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். சிவப்பழகு க்ரீம்காரன் 1975இலிருந்து விற்ற பெயரை 2020இல் மாற்றிக்கொண்டான், சரக்கை மாற்றவில்லை. அவனை எதிர்ப்போம். அதே நேரத்தில் மங்குக்கு நல்ல சிகிச்சை கேட்பதும் சுயமரியாதைதான்.

அம்மா ட்யூபை நிறுத்திவிட்டார். திடீரென நிறுத்தியதில் முகம் எரிந்தது. மருத்துவர் கொடுத்த மருந்தில் மெல்ல ஆறுகிறது. தொப்பி வாங்கிக் கொடுத்தேன். "இதப் போட்டுக்கிட்டு நடவுக்குப் போனா சிரிப்பாங்க, பாப்பா" என்றார். இப்போது துண்டைத்தான் முக்காடாகப் போட்டுக்கொண்டு போகிறார். அடுத்த மாதம் மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அன்று ஒருநாள் கூலி போகும்.