வழுவும் வழுவமைதியும்

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா என்றால் மேடையிலே கலை நிகழ்ச்சிகள் நடைபெறும் வேளையில், மண்டபத்தின் பின்வரிசைகளில் மற்றுமொரு நிகழ்ச்சியும் நடைபெறுவதுண்டு. நெடுநாட்களின் பின் சந்திக்கும் பெற்றோர் நலம் விசாரித்த மறுகணமே, "பிள்ளை என்ன படிக்கிறார்?" என வினவுவர். மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல், கணினி ஆகிய ஆறனுள் ஒன்று விடையாக வருமாயின் முகங்கள் மலரும். வேறு விடை வருமாயின் சிறியதொரு மௌனம் நிலவும்.

கடந்த ஆண்டு விழாவின்போது அம்மௌனத்தை உண்டாக்கியவன் நானே. "மகள் எண்ணியல் பகுப்பாய்வு என்னும் கணிதத் துறையில் கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வு செய்ய விரும்புகிறாள்" என்றேன். கேட்டவர் சற்றுத் தயங்கி, "அதற்குப் பிறகு என்ன செய்யலாம்?" என்றார். என்னால் விடை கூற இயலவில்லை. அதே வினாவை அவரினும் கடுமையாக, வீட்டில் மகளிடம் நானே கேட்டிருந்தேன். இக்கட்டுரை அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்தி அளிக்கப்படும் விடையாகும்.

இரண்டு எங்கே போயிற்று?

என் வினாவிற்கு மகள் அன்று நேரடியாக விடை கூறவில்லை. பள்ளி நாட்களில் பயன்படுத்திய கணிகருவியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "அப்பா, இரண்டை அழுத்துங்கோ. பிறகு அறுபது தரம் வர்க்கமூலம் எடுங்கோ" என்றாள். எடுத்தேன். "இனி அறுபது தரம் வர்க்கியுங்கோ" என்றாள். வர்க்கித்தேன். சென்ற வழியே திரும்பி வந்தவன் இரண்டையே மீண்டும் காண வேண்டும் அன்றோ? கணிகருவி 1 என்று காட்டிற்று. "இரண்டு எங்கே போயிற்று?" என்று கேட்டாள்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒரு சாதாரணக் கணிகருவியில் இதனைச் செய்து பாருங்கள். வர்க்கமூலம் எடுக்க எடுக்க எண் ஒன்றை நெருங்குகிறது. கருவியோ குறிப்பிட்ட அளவு இலக்கங்களையே தன்னுள் வைத்திருக்க வல்லது. ஒரு கட்டத்தில் ஒன்றுக்கும் அவ்வெண்ணுக்கும் உள்ள வேறுபாடு அவ்விலக்கங்களுக்கு அப்பாற் சென்றுவிட, கருவி அதனை ஒன்று என மட்டந்தட்டிவிடுகிறது. இழந்ததை மீட்க வழியில்லை. கருவி பழுதடையவில்லை. அதன் இயல்பே அது. மாபெரும் கணினிகளின் இயல்பும் அதுவே.

வானிலை, பாலத்தின் மீதுள்ள பாரம், நாளங்களில் குருதி ஓடும் வேகம் ஆகியவற்றைக் கூறும் சமன்பாடுகளுட் பெரும்பாலானவற்றைத் தாளும் பேனையும் கொண்டு செம்மையாகத் தீர்த்தல் இயலாது. ஆகவே அண்ணளவான விடைகளைக் கணினி கொண்டு காண்கிறோம். அவ்வாறு காணும் முறைகளை வகுப்பதும், அவ்விடைகள் எவ்வளவு பிழைத்துள்ளன என்பதை அளப்பதுமே எண்ணியல் பகுப்பாய்வு. ஆங்கிலப் பாடசாலைகளில் இதனை நியூமெரிக்கல் அனலிசிஸ் என்பர்.

சிறு பிழை, பெரும் விலை

1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலிருந்த அமெரிக்கப் படையினரின் தங்ககத்தின் மீது ஸ்கட் ஏவுகணை ஒன்று வீழ்ந்தது. 28 பேர் மாண்டனர். அதனைத் தடுக்கவேண்டிய பேட்ரியட் பொறி அதன்மேற் பாயவில்லை. காரணம் யாது? அப்பொறியின் கணினி காலத்தை விநாடியின் பத்திலொரு பங்குகளாக எண்ணியது. 0.1 என்னும் எளிய எண், கணினி கையாளும் இரும எண்முறையில் முடிவின்றி நீள்வது. 24 இலக்கங்களுடன் அதனை வெட்டியபோது உண்டான வழு ஏறத்தாழ 0.000000095. பொறி 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் விநாடியின் பத்திலொரு பங்குகள் எத்தனை என்று கணக்கிட்டு, அதனை இவ்வழுவாற் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.34 விநாடி வரும். அந்நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் பறந்துவிடும். பொறி வானின் வேறோர் இடத்தில் அதனைத் தேடிற்று.

அதே ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் நாள், நோர்வேயின் ஸ்தவாங்கர் நகருக்கு அண்மையில், ஸ்லைப்னர் ஏ என்னும் எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளம் கடலில் அமிழ்ந்தது. சுவர்களின் மீதான விசையைக் கணினி ஏறத்தாழ 47 சதவீதம் குறைத்துக் கணித்திருந்தமை முக்கிய காரணமாயிற்று. விடை வந்தது. அவ்விடை எவ்வளவு தவறானது என்று உரிய வேளையில் எவரும் கேட்கவில்லை.

சோழிகளால் ஒரு கிரகணம்

கணித்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்ற வாதம் இன்றும் நம் இல்லங்களில் எழுவதுண்டு. 1825ஆம் ஆண்டு சென்னையில் வெளியான காலசங்கலித என்னும் நூலில் ஜோன் வாரன் என்பவர் புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அக்கணிதர் தரையிலே சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனனஞ்செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கணிதவியல் வரலாற்றறிஞர் ஒட்டோ நொய்கெபவர் பின்னாளில் இதனை ஆராய்ந்து, தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைத்தன எனக் காட்டினார்.

தாளும் எழுதுகோலுமின்றிச் சோழிகளைக் கொண்டு இத்துணை அண்மித்தமை வியப்பிற்குரியது. அதற்காக நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அப்பெருமையோடு நின்றுவிடுதல் தகாது. கோட்பாட்டை அறியாது முறையை மட்டுமே அவர் அறிந்திருந்தார் என்பதும் வாரனின் குறிப்பு. தம் விடை எவ்வளவு பிழைத்திருக்கக்கூடும் என்பதை அவரால் அறிந்திருக்க இயலாது. கைப்பேசி காட்டும் பத்து இலக்கங்களை அப்படியே எழுதிவைக்கும் நம் பிள்ளைகளும், அவற்றைக் கண்டு மகிழும் நாமும், இன்று அதே நிலையிலேயே உள்ளோம்.

டெடிங்டனில் ஒரு கணக்கு

இலண்டனுக்கு அருகிலுள்ள டெடிங்டனில் தேசிய பௌதிக ஆய்வுகூடம் அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே ஜேம்ஸ் வில்கின்சன், லெஸ்லி ஃபொக்ஸ், குட்வின், அலன் டியூரிங் ஆகியோர் 18 ஒருங்கமை சமன்பாடுகளைக் கைப்பொறிகளின் உதவியுடன் தீர்க்க முற்பட்டனர். அதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமைகள் சென்றன. ஒவ்வொரு படியிலும் மட்டந்தட்டும் வழு பெருகிப் பெருகி விடையை அழித்துவிடும் என்பது அக்கால அறிஞர் பலரின் அச்சம். வந்த விடையோ வியக்கத்தக்க அளவு செம்மையாயிருந்தது.

அது ஏன் என்று விளக்குவதில் வில்கின்சன் பெரும் பங்காற்றினார். நாம் பெற்ற விடை, கேட்ட வினாவிற்குச் சற்றே பிழையான விடையாயிருக்கலாம். ஆனால் அதுவே, கேட்ட வினாவிற்கு மிக அணித்தான மற்றொரு வினாவின் செம்மையான விடையாக இருக்கக்கூடும். நாம் அளந்து தந்த அளவீடுகளே முற்றிலும் செம்மையானவை அல்லவாதலின், அவ்விரு வினாக்களுக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. இவ்வெண்ணத்தைச் செம்மைப்படுத்திய வில்கின்சனுக்கு 1970இல் டியூரிங் விருது வழங்கப்பட்டது.

இதனை மகள் விளக்கியபோது எனக்கு நம் இலக்கணமே நினைவுக்கு வந்தது. வழாநிலை, வழு, வழுவமைதி என நம் இலக்கண நூலார் மூன்றாக வகுத்தனர். பசுவை அன்பு மிகுதியால் "என் அம்மா வந்தாள்" என்பது திணை வழு. எனினும் காரணம் கருதி அமைத்துக்கொள்ளப்படுகிறது. வழுவைக் கண்டு அஞ்சி மறைக்காமல், அதன் காரணத்தையும் எல்லையையும் ஆராய்ந்து, எது தகும் எது தகாது எனத் தீர்ப்பது வழுவமைதி. எண்ணியல் பகுப்பாய்வாளர் எண்களிடத்துச் செய்வதும் அதுவே.

இன்றைய நிலையும் வாய்ப்புகளும்

இத்துறை பழையது, முடிந்துபோனது என எண்ணற்க. 2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்திலுள்ள ஃபிரண்டியர் என்னும் கணினி, ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சோதனையில், விநாடிக்கு 1க்குப் பின் 18 பூச்சியங்கள் கொண்ட எண்ணிக்கையை விஞ்சிய கணித்தல்களைச் செய்து காட்டியது. ஒவ்வொரு கணித்தலிலும் மட்டந்தட்டல் நிகழக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. அச்சோதனையின் மூலமான மென்பொருளை ஆக்கியோருள் ஒருவரான ஜாக் டொங்காராவுக்கே 2021ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது வழங்கப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடும், இனிக் கணிதர் எதற்கு என்று கேட்போர் உளர். அந்நுண்ணறிவுப் பொறிகள் விரைவின் பொருட்டு 16 இரும இலக்கங்களும் அதனிற் குறைந்தனவும் கொண்ட எண்களைக் கையாள்கின்றன. இலக்கங்கள் குறையக் குறைய வழு பெருகும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைத்தலாகாது என்பது இன்று இத்துறையினரின் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. இரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய வானிலை மையம் 2021இல் தன் முன்னறிவிப்புக் கணிப்புகளை 64 இரும இலக்கங்களிலிருந்து 32க்குக் குறைத்தது. அதனால் மிஞ்சிய கணினி ஆற்றலைக் கொண்டு, முன்னர் 91 அடுக்குகளாகப் பகுத்துக் கணித்த வளிமண்டலத்தை 137 அடுக்குகளாகப் பகுத்தது. வழுவை அளக்கத் தெரிந்தோருக்கே இத்துணிவு வரும்.

இந்நாட்டில் இளையோருக்குரிய வாயில்கள் பல. லெஸ்லி ஃபொக்ஸின் பெயரால் 1985 முதல் வழங்கப்படும் பரிசு 31 வயதுக்கு உட்பட்ட ஆய்வாளருக்கே உரியது. 1965இல் செயின்ற் அன்ட்ரூஸில் தொடங்கி, பின்னர் டண்டியில் வளர்ந்த ஈராண்டு மாநாடு, 2009 முதல் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று வருகிறது. அங்கே ஆய்வு மாணவரும் பேராசிரியரும் தத்தம் ஆய்வுகளை எடுத்துரைக்கின்றனர். நிதியுதவியுடன் கூடிய ஆய்வு இடம் கிடைப்பின் கல்விக் கட்டணம் செலுத்தப்படுவதோடு வாழ்க்கைச் செலவுக்குப் படியும் வழங்கப்படும். பட்டத்தின் பின் வானிலை மையங்கள், விமானப் பொறியியல், மருத்துவப் படிமம், வங்கிகள் ஆகியவற்றிலும், 1970இல் நொட்டிங்காமில் உருவாகி 1973இல் ஒக்ஸ்போர்டுக்கு நகர்ந்த என்.ஏ.ஜி. போன்ற கணித மென்பொருள் நிறுவனங்களிலும் இக்கல்விக்கு இடமுண்டு.

மறுபக்கத்தையும் கூறுதல் முறை. பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவிகள் சிலவே. அவற்றை அடையுமுன் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராகச் செல்ல நேரலாம். மருத்துவருக்குள்ள உறுதி இதில் இல்லை. இதனை அறிந்தே தெரிவு செய்தல் வேண்டும். ஆனால் அறியாமையால் மறுத்தல், அறிந்து தெரிவு செய்வதாகாது. நான் செய்தது அதுவே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

நம்மவர் பிள்ளைகள் கணிதத்தில் வல்லவர்கள் என்கிறோம். நாம் போற்றுவது கணிதத்தையா, புள்ளிகளையா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட பிழையைப் பிள்ளை நம்மிடம் மறைக்கிறது. பிழை அவமானம் என்று நாமே கற்பித்துவிட்டோம். அவ்வாறு வளரும் பிள்ளை செம்மையான விடையுள்ள வினாக்களை மட்டுமே நாடும். விடை எவருக்கும் தெரியாத வினாக்களின் அருகே செல்ல அஞ்சும். ஆராய்ச்சி என்பதோ அத்தகைய வினாக்களால் ஆனது. எத்தனை புள்ளி என்று கேட்கும் நாவால் இனி, "எங்கே பிழைத்தாய், எவ்வளவு பிழைத்தாய், ஏன் பிழைத்தாய்?" என்றும் அன்போடு கேட்போமாக. எண்ணியல் பகுப்பாய்வின் முதற் பாடம் அதுவே. அதனை வீட்டிலேயே கற்பிக்கலாம்.

இதனை எழுதும் இவ்வேளையில் என் மகள் தன் முடிவை இன்னும் அறிவிக்கவில்லை. வங்கி ஒன்றின் வேலைக் கடிதமும், பல்கலைக்கழகம் ஒன்றின் அழைப்பும் அவள் மேசையில் அருகருகே உள்ளன. முடிவு அவளுக்குரியது. அவள் எதைத் தெரிந்தாலும், இவ்வாண்டு விழாவில் எவரேனும் "பிள்ளை என்ன படிக்கிறார்?" என வினவினால் நான் தயங்கப் போவதில்லை. என் வழுவை நான் அளந்துவிட்டேன். திருத்துதலே இனி என் கடன்.