மலிவு மனையும் மூலப்பத்திரமும்

வட சைப்ரஸில் கடலோர மனையை மலிவாக வாங்கும் வெளிநாட்டவர் பெறும் பத்திரம், 1974ஆம் ஆண்டுத் துருக்கியப் படையெடுப்பில் வீடுவாசலை விட்டுத் தெற்கே ஓடிய கிரேக்க சைப்ரஸ் குடும்பத்தின் நிலத்தை, துருக்கி மட்டுமே அங்கீகரிக்கும் ஆட்சி வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த தாளாக இருக்கக்கூடும். மூலப்பத்திரம், அதாவது உரிமையின் தொடக்கத்தைக் காட்டும் ஆவணம், பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது. லாப்பித்தோஸில் அத்தகைய மனையில் வில்லா கட்டிய ஆங்கிலேயத் தம்பதியர், வீட்டையும் நீச்சல்குளத்தையும் வேலியையும் இடித்து நிலத்தை ஒப்படைக்க வேண்டுமென சைப்ரஸ் குடியரசின் நிகோசியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பிரிட்டன் ஏற்க மறுக்க இயலாது என 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது நியாயமே, ஏனெனில் துரத்தப்பட்டவரின் உரிமை அவர் இல்லாததால் அழிவதில்லை. விற்பவர் பரிந்துரைக்காத வழக்கறிஞர் ஒருவர், 1974க்கு முன் மனை யார் பெயரில் இருந்தது என்று உறுதிசெய்யும்வரை வாங்குபவர் முன்பணம் கொடுக்கவே கூடாது.