கையில் தொழில் உண்டு, ஏட்டில் உண்டா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. கடல் கடந்து வேலைக்குப் போக விரும்பும் தொழிலாளிகளின் விஷயத்தில் இப்பழமொழி தலைகீழாகிவிட்டது. அங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காயைக் கறிக்கு எடுத்துக்கொள்வாரில்லை. லேத்துப் பட்டறையில் பத்து ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்த கையாயினும் சரி, அந்தத் தேர்ச்சிக்கு எழுத்து மூலமான அத்தாட்சி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதற்கு இன்று தக்க உதாரணம் ஜெர்மனி.

ஜெர்மனிக்கு ஆட்கள் தேவை என்பதில் ஐயமில்லை. யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் பெருந்தொகையாகப் பிறந்த ஒரு தலைமுறை அங்கே இப்போது ஓய்வு பெற்று வருகிறது. அவர்கள் விட்டுச் செல்லும் இடங்களை நிரப்ப அந்நாட்டு இளைஞர்கள் போதவில்லை. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தேர்ச்சி பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுதோறும் அளிக்கும் விசாக்களை 20,000-இலிருந்து 90,000-ஆக உயர்த்துவது என்ற முடிவு 2024 அக்டோபரில் வெளியாயிற்று. கதவு திறந்திருக்கிறது. ஆனால் வாயிற்படியிலேயே ஒரு பரீட்சையும் காத்திருக்கிறது.

பழைய பாடம்

அந்நாட்டுக்கு வெளியார் வேலைக்குப் போவது புதிதன்று. 1955-இல் இத்தாலியுடனும் 1961-இல் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்து, ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களை "விருந்தாளித் தொழிலாளர்" என்று அழைத்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்பது எண்ணம். சொந்த ஊரில் அவர்கள் கற்ற தொழில் என்ன என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டாரில்லை. 1973-இல் ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பழைய தேர்ச்சி மட்டும் கணக்கில் வரவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 2012 ஏப்ரல் முதல் தேதி ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அயல்நாட்டில் முறையாகத் தொழில் பயின்ற எவரும், எந்த நாட்டுப் பிரஜையாயினும், தம் பயிற்சியை ஜெர்மன் பயிற்சியோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கேட்கும் உரிமையை அச்சட்டம் அளித்தது. ஊரில் இருந்தபடியே விண்ணப்பம் அனுப்பலாம்.

எப்படி எடை போடுகிறார்கள்?

ஜெர்மனியில் இயந்திரத் தொழில் அல்லது மின்சாரத் தொழில் கற்பவர் மூன்றரை ஆண்டுகள் பயிற்சியில் இருக்கிறார். வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி. மற்ற நாள்களில் தொழிற்சாலையில் நேரடி வேலை. முடிவில் தொழில் வர்த்தகச் சபையோ கைவினைஞர் சபையோ பரீட்சை வைத்துப் பத்திரம் தரும். நம் ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலெக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டு ஆண்டுகள். அதில் பெரும்பகுதி பயிற்சி நிலையத்தின் சுவர்களுக்குள்ளேயே கழிகிறது.

இந்த இரண்டையும் தராசில் வைத்தால் நம் தட்டு மேலே போவதில் வியப்பென்ன? ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு நியாயமும் இருக்கிறது. படிப்பில் குறைந்ததை வேலை அனுபவத்தால் ஈடு செய்யலாம். ஆலைத் தொழில்களுக்கான விண்ணப்பங்களை நியூரம்பர்க் நகரில் உள்ள பொது அலுவலகம் ஆராய்கிறது. கைவினைத் தொழில்களுக்கு அந்தந்த வட்டாரக் கைவினைஞர் சபை. கட்டணம் பெரும்பாலும் 100 முதல் 600 யூரோ வரை. எல்லாப் பத்திரங்களும் வந்து சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. முழுச் சமம், பாதிச் சமம், சமமில்லை என்று தீர்ப்பு மூன்று விதமாக வரலாம். பாதிச் சமம் என்றால் எவை குறைகின்றன என்று எழுதித் தருவார்கள். அங்கே சென்று அவற்றைக் கற்றுப் பூர்த்தி செய்யலாம்.

ஆகவே அனுபவம் வீண் போவதில்லை. அதை நிரூபிக்க முடிகிறதா என்பதே கேள்வி. கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் சிறு பட்டறைகளில் வேலை செய்யும் எத்தனை பேரிடம் நியமன உத்தரவு இருக்கிறது? சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது; முதலாளியின் வாய்மொழியே நற்சாட்சி. அந்த ஆண்டுகளெல்லாம் ஜெர்மன் அலுவலகத்தின் மேஜையில் வெற்றுக் காகிதமாகி விடுகின்றன.

ஓராண்டுப் படிப்பின் சங்கடம்

2024 மார்ச்சில் புதிதாக இரண்டு வழிகள் திறந்தன. வேலை ஒப்பந்தமும் ஓரளவு ஜெர்மன் மொழி அறிவும் இருந்தால் முதலில் அங்கே போய், வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரம் தேடிக்கொள்ளலாம் என்பது ஒன்று. இரண்டாண்டு அனுபவமும், நிர்ணயித்த அளவு சம்பளமும் இருந்தால் அங்கீகாரம் இன்றியே பல வேலைகளுக்குப் போகலாம் என்பது மற்றொன்று.

கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வழிகளிலும் தொழிலாளிக்கு ஒரு நிபந்தனை உண்டு: சொந்த நாட்டு சர்க்கார் அங்கீகரித்த, குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நம் ஐ.டி.ஐ.யில் பிட்டரும் டர்னரும் இரண்டாண்டுப் படிப்பு. வெல்டரும் பிளம்பரும் ஓராண்டுப் படிப்பு. ஒரே நிலையத்தில், அடுத்தடுத்த அறையில் பயின்ற இருவரில் ஒருவருக்கு வழி உண்டு, மற்றவருக்கு இல்லை. வெல்டர் பழைய 2012 சட்டப்படிதான் மனுச் செய்ய வேண்டும்.

ஐ.டி.ஐ.யே பார்க்காமல் பட்டறையில் குருநாதரிடம் கற்றவர் நிலை இன்னும் பரிதாபம். பத்திரம் தொலைந்து போயிருந்தால் வேலையைச் செய்து காட்டி நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. பத்திரமே பெறாதவருக்கு அந்தச் சலுகையும் எட்டாது. மத்திய சர்க்கார் முன்அனுபவத்தைச் சோதித்துத் தரும் சான்றிதழ் குறுகிய காலத்தில் கிடைப்பது. அது இரண்டாண்டுப் பயிற்சிக்கு ஈடாகாது.

செய்ய வேண்டியவை

போக விரும்புவோர் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும், எந்தத் தேதி முதல் எதுவரை, எந்த இயந்திரத்தில், என்ன வேலை என்று விவரமாக எழுதி வாங்கிக்கொள்வது நலம். "நன்றாக வேலை செய்தார்" என்ற ஒரு வரி போதாது. பிராவிடண்டு பண்டுப் பதிவையும், தாம் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். ஜெர்மன் மொழியை இங்கேயே தொடங்க வேண்டும். அங்கீகாரத்தைப் பணம் கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்பலாகாது. அது விலைக்கு வரும் சரக்கன்று. தமிழ்நாட்டு சர்க்கார் 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. விசாரிக்க அது ஓர் இடம்.

சர்க்காரின் பங்கும் சிறிதன்று. ஒவ்வொரு தொழிலுக்கும் எத்தனை மணி நேரம் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை ஜெர்மன் மொழியில் அச்சிட்டுத் தருவது பெரிய செலவாகாது. ஓராண்டுப் படிப்பு முடித்தவர் பட்டறை அனுபவத்தோடு இரண்டாம் ஆண்டையும் பூர்த்தி செய்ய வழி செய்யலாம். சிறு பட்டறைகளிலும் நியமன உத்தரவும் சம்பளச் சீட்டும் கொடுக்கச் செய்ய வேண்டும்.

இவற்றின் பயன் விமானம் ஏறுவோரோடு நின்றுவிடாது. தன் தேர்ச்சி எழுத்தில் இருக்கும் தொழிலாளி உள்ளூரிலேயே நியாயமான சம்பளம் கேட்க முடியும். கை தேர்ந்தவனை வெறும் எடுபிடியாக நடத்தும் வழக்கம் முதலில் நம் பட்டறைகளில் ஒழிய வேண்டும். நாம் எழுதித் தராத தகுதியை அயலான் எப்படி அறிவான்?