லட்சுமி பூஜையும் பங்கு மார்க்கெட்டும்

அரக்கோணத்தில் நமது தோழர் ஒருவர், பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த பணத்தைப் பங்குகளில் போடுவதற்கு முன் சோசியரிடம் நாள் பார்த்து வந்ததாகச் சொன்னார். “மும்பை மார்க்கெட்டே தீபாவளிக்கு முகூர்த்தம் பார்க்கிறதே, நான் பார்த்தால் என்ன?” என்று நம்மையே கேட்டார். கேள்வி நியாயமானதே. பதில் சொல்வோம்.

மும்பை மார்க்கெட் 1875-ல் ஏற்பட்டது. தீபாவளிதோறும் லட்சுமி பூஜை செய்து, சுமார் ஒரு மணி நேரம் முகூர்த்த வியாபாரம் நடத்துவது அங்கே வழக்கம். 2007-லும் அது குறைவின்றி நடந்தது. பலன் என்ன? 2008-ல் சென்செக்ஸ் என்னும் விலைக் குறியீடு 20,000-க்கு மேலிருந்து 10,000-க்குக் கீழே விழுந்தது. லட்சுமி பூஜையில்லாத பாகிஸ்தானிலோ, 2024 என்ற ஒரே வருஷத்தில் பங்குக் குறியீடு 80 சதவிகிதத்துக்கு மேல் ஏறிற்று. லட்சுமி எப்போது மதம் மாறினாள்?

அப்படியானால் விலை எதனால் ஆடுகிறது? திருத்தணி 1953 முதல் 1960 மார்ச் வரை ஆந்திரத்தில் இருந்தது. ஏப்ரல் 1-ல் நம் பக்கம் வந்தது. கோடு மாறியதே தவிர, அரிசிக்கும் தக்காளிக்கும் கோடு தெரியாது. அரக்கோணத்திலும் நகரியிலும் ஒரே சரக்குக்கு விலை வித்தியாசம் வண்டிக்கூலிக்கு மேல் போனால், வியாபாரி உடனே மூட்டையைத் தூக்கிச் செல்வான்; வித்தியாசம் மறையும். இதுதான் சந்தைகளின் பிணைப்பு.

அண்டை நாட்டுப் பங்கு மார்க்கெட்டுகளின் பிணைப்பையும் அறிஞர்கள் அளக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கழனியில் இரண்டு கிணறு. ஒன்றில் இறைத்தால் மற்றதில் தண்ணீர் இறங்கினால், அடியில் ஊற்று ஒன்று என்கிறோம். அதுபோலவே, மும்பையில் விலை இறங்கிய நாளில் கொழும்பில் எவ்வளவு இறங்கிற்று என்று பல வருஷத்துக் கணக்கை ஒப்பிட்டு எண் போடுகிறார்கள். 1 என்றால் இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. 0 என்றால் சேர்ந்து ஆடுவதாகச் சொல்ல இடமில்லை. ஆனால் கோடையில் இரு கிணறும் வற்றினால் அது ஊற்றின் வேலையல்ல, மழையின் குறை. 2008-ல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோதும், 2020-ல் கொரோனா வந்தபோதும் உலக மார்க்கெட்டுகள் சேர்ந்து விழுந்தது அவ்விதமே. அதைக் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரலில் இலங்கை, அந்நியக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. 18-ந் தேதி முதல் கொழும்பு மார்க்கெட் ஐந்து நாள் மூடிக் கிடந்தது. மும்பை மூடவில்லை, வருஷ முடிவில் சென்செக்ஸ் சிறிது உயர்ந்தே நின்றது. ஒரு சம்பவம் முழு ருசுவாகாதுதான். ஆனாலும் கடல் குறுகியதென்பதற்காகப் பணத்தின் ஊற்றும் ஒன்றாகிவிடாது என்பது விளங்கவில்லையா?

கடன், வட்டி, வியாபாரம், அச்சம் இவையெல்லாம் மனிதர் செய்கை. இவற்றை அளக்கலாம், தவறானால் திருத்தலாம். பஞ்சாங்கத்தில் இவற்றில் எதற்கு இடம் இருக்கிறது? நஷ்டம் வந்தால் சோசியர் தட்சிணையையாவது திருப்பித் தருவாரா?

பங்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். கம்பெனியின் கணக்கைப் பார்த்து, நஷ்டம் வந்தால் குடும்பம் தாங்குமா என்று யோசித்து வாங்கட்டும். பிள்ளையின் படிப்புப் பணத்தை நட்சத்திரத்திடம் ஒப்படைப்பது அறிவுக்கும் சுயமரியாதைக்கும் இழுக்கு என்பதே நமது அபிப்பிராயம்.